அவருடைய குளிசை

சாம்பவி காலையில் எழும்பும்போது வாய்க்குள் கறல் இருக்கும். கறல் பிடித்த ஆணி ஒன்றை இரவு முழுக்கச் சூப்பிக்கொண்டு படுத்ததுபோல. பல் தீட்டினாலும் போகாது. தேத்தண்ணி குடித்தால் தேத்தண்ணிதான் கெட்டுப்போகும். நித்திரைக் குளிசை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ஆனால் யாரைக் கேட்பது? எங்கள் ஆட்களில் ஒருவரும் நித்திரைக் குளிசை போடுவதில்லை. எல்லாரும் படுத்தவுடன் நித்திரையாகிறவர்கள்தான்.

அவள் மார்க்கம் நகரப் பக்கம் பள்ளிக்கூட பஸ் ஓடுகிறவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. புருஷன் தியாகலிங்கம் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் இரவு வேலை செய்தவர். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் வேலைக்குப் போனார், சாப்பாட்டு இடைவேளையில் மேசையில் தலையை வைத்தார், பிறகு எடுக்கவில்லை. நித்திரை என்று நினைத்துக் கூட வேலை செய்கிறவர்கள் விட்டுவிட்டார்கள். இரவு வேலைக்காரன் மேசையில் தலை வைத்தால் யார்தான் தட்டி எழுப்புவார்கள்?

சாம்பவி அழவில்லை. அழவேண்டிய இடமெல்லாம் வந்து போனது. கல்கரியில் இருந்து மகன் மிதுனன் வந்தான், தகன மண்டபத்தில் பெட்டியைச் சுற்றி வந்தார்கள், கடைசியில் மிதுனன் சுவரில் இருந்த பொத்தானை அமத்தினான். அவளும் பக்கத்தில்தான் நின்றாள். கால் குளிர்கிறது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. வேறொன்றும் ஞாபகம் இல்லை. வந்தவர்கள் 'பாவம், உள்ளுக்கை வைச்சுக்கொண்டிருக்கிறா' என்று தங்களுக்குள் கதைத்தார்கள். உள்ளுக்குள் ஒன்றும் இருக்கவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நித்திரையும் அதோடு போய்விட்டது.

டொக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனது மச்சாள் கமலாம்பிகை, தியாகலிங்கத்தின் தமக்கை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வருத்தக்காரரை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால் வருத்தக்காரர் கதைக்கக்கூடாது. கூட்டிக்கொண்டு போனவர்தான் கதைப்பார். அது அன்பு. டொக்டருக்குத் தமிழ் தெரியும், சாம்பவிக்கு இங்கிலீசும் தெரியும். இருந்தும் இரண்டு பேருக்கும் நடுவில் கமலாம்பிகை கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"நீர் கதையாதையும், களைச்சுப் போயிருக்கிறீர். நான் சொல்லுறன்," என்றார்.

டொக்டர் சாம்பவியைப் பார்த்துத்தான் கேட்டார். எத்தனை நாளாக நித்திரை இல்லை, வேறு குளிசை போடுகிறாளா, குடிக்கிற பழக்கம் உண்டா, நெஞ்சில் ஏதாவது செய்கிறதா. எல்லாவற்றுக்கும் பதில் கமலாம்பிகையின் வாயில் இருந்து வந்தது. ஒன்றிரண்டு சரியாகவும் இருந்தது.

"வேலைக்குப் போறனீங்களோ?"

"இல்லை டொக்டர், வீட்டிலைதான் இருக்கிறா."

"வாகனம் ஓடுறனீங்களோ?"

"ஐயோ, இல்லை. எங்கை போறதெண்டாலும் நாங்கள்தான் ஏத்தி இறக்கிறம்."

அன்றைக்கு அது பொய்யில்லை. முப்பத்தோராம் நாள் கிரியை இன்னும் முடியவில்லை, சாம்பவி லீவில் நின்றாள். ஆனால் லீவு என்ற சொல்லைக் கமலாம்பிகை சொல்லவில்லை. சொன்னால் என்ன வேலையில் லீவு என்ற கேள்வி வரும். தம்பியின் பெண்சாதி பஸ் ஓடுகிறாள் என்று அவர் இதுவரை எந்தக் கலியாணவீட்டிலும் சொன்னதில்லை. 'ஸ்கூல் போர்ட்டிலை வேலை' என்பார். கேட்கிறவர்கள் ரீச்சர் என்று நினைத்துக்கொள்வார்கள், அவரும் விட்டுவிடுவார். சாம்பவி வாயைத் திறந்திருக்கலாம். திறக்கிற அளவுக்கு அவளுக்கு ஒன்றும் முக்கியமாகப் படவில்லை. சுவரில் ஒட்டியிருந்த முள்ளந்தண்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆகச் சின்னதிலை தொடங்குவம். மூண்டே முக்கால் மில்லிகிராம்," என்றார் டொக்டர். "படுக்கையிலை ஏறிப்போட்டுத்தான் போடவேணும். இரவுக்கு ஒண்டு. நடுவிலை முழிப்பு வந்தாலும் இரண்டாவது போடக்கூடாது. போட்டதிலை இருந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு வாகனம் ஓடக்கூடாது. முழிப்பாய் இருக்கிற மாதிரித் தெரியும், ஆனால் மூளை முழுக்க முழிச்சிருக்காது. இது கொஞ்ச நாளைக்குத்தான். பிறகு என்னை வந்து பாருங்கோ."

"ஓம் டொக்டர்," என்றார் கமலாம்பிகை.

மருந்துக்கடைப் பெடியனும் அதையே திரும்பச் சொன்னான். போத்தலில் கார் படம் போட்டு ஒரு சின்ன ஸ்ரிக்கரும் ஒட்டியிருந்தான். சாம்பவி தலையாட்டினாள். தலையாட்டுவது சுகம்.

முப்பத்தொன்று முடிந்த கிழமை கமலாம்பிகை வந்து தியாகலிங்கத்தின் அலுமாரியை ஒதுக்கினார். சேட்டுகள் கோயில் ஆட்களுக்குப் போயின. சப்பாத்து ஒருவருக்கும் அளவில்லை. அடுத்ததாக மருந்துப் பெட்டி. மிச்ச மருந்தை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் முறைப்படி அழித்துவிடுவார்கள். கமலாம்பிகைக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் கொடுக்கவில்லை.

"முழுப் போத்தல். எறிய மனம் வருமோ? ஒருத்தருக்கு உதவட்டும்."

பிறஷர்க் குளிசை அருள்நாயகத்துக்குப் போனது. அவருக்கும் அதே பிறஷர். தியாகலிங்கத்தோடு ஒரே காலத்தில் இந்த நாட்டுக்கு வந்தவர், பஸ்கள் நிற்கிற யாட்டில் ஓட்டங்களைப் பிரித்துவிடுகிற டிஸ்பாச் வேலை செய்கிறவர், சாம்பவிக்கு வேலை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். செத்தவனுடைய குளிசையை இரண்டு கையாலும் வாங்கி, கண் கலங்கி, 'தியாகுவின்ரை ஞாபகமாய் இருக்கட்டும்' என்றார். சிரிக்கவேண்டிய இடம்தான். யாரும் சிரிக்கவில்லை.

ஒரு போத்தலை மட்டும் சாம்பவி எடுத்துத் தன் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தியாகலிங்கம் பகலில் படுக்கப் போடுகிற நித்திரைக் குளிசை. ஏழரை மில்லிகிராம். இரவு வேலைக்காரருக்குப் பகல் நித்திரை இலேசில் வராது. ஒட்டுத்தாளில் அவருடைய முழுப் பெயரும், கீழே 'படுக்கும்போது ஒன்று' என்றும் இங்கிலீசில் இருந்தது. அவருடைய பெயர் எழுதிய பொருட்களில் பாஸ்போட் திரும்பிப் போய்விட்டது, பாங்க் காட்டை வெட்டிவிட்டார்கள். போத்தல் இருந்தது. அவளுக்கு அது வேண்டும்போல இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

வேலைக்குத் திரும்பினாள். யாரும் வற்புறுத்தவில்லை, வீட்டில் இருந்து முகட்டைப் பார்ப்பதற்குப் பதில் பஸ்ஸில் இருந்து றோட்டைப் பார்க்கலாம் என்று போனாள். பன்னிரண்டு மணித்தியாலக் கணக்கு அவளுக்கு மறக்கவில்லை. தெரியாமல் செய்தாள் என்று யாரும் அவளுக்காகப் பரிந்து பேசவேண்டாம். காலையில் ஆறு மணிக்கு ஸ்ரியரிங்கைப் பிடிக்கிறவள் முதல்நாள் ஆறு மணிக்கே குளிசையைப் போட்டுவிட்டுப் படுக்கவேண்டும். ஒரு நாள் அப்படியும் செய்து பார்த்தாள். படுத்தவுடனேயே மிதுனன் ஃபோன் எடுத்தான், பிறகு கமலாம்பிகை எடுத்தார், பிறகு பக்கத்து அப்பார்ட்மென்ட்டில் மீன் பொரித்தார்கள். நடு இரவில் கொட்டக் கொட்ட முழிப்பு. அடுத்த நாளில் இருந்து குளிசை பத்து மணிக்கு வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைப்போல ஆளை ஏமாற்றுகிற விஷயம் வேறில்லை.

பிறகு அந்தச் சின்னக் குளிசையும் பிடிக்காமல் போனது. போட்டுவிட்டுப் படுப்பாள், இரண்டு மணிக்கு முழிப்பு வரும். கைக்கெட்டின தூரத்தில் அவருடைய போத்தல். முதலில் அதில் பாதியை உடைத்துப் போட்டாள். பிறகு முழுதாகப் போட்டாள். 'படுக்கும்போது ஒன்று' என்று அவருடைய பெயருக்குக் கீழே எழுதியிருந்ததை, அவரே சொல்வதுபோல எடுத்துக்கொண்டாள். ஒரு இரவுக்கு அவளுடையது ஒன்று, அவருடையது ஒன்று. புருஷனும் பெண்சாதியும்.

டொக்டரிடம் திரும்பப் போகவில்லை. குளிசை முடிந்தபோது, இன்னும் கொஞ்சம் வேணுமாம் என்று கமலாம்பிகை ஃபோனில் கேட்டு வாங்கிக் கொடுத்தார். பாவம், உதவித்தான் செய்தார்.

காலையில் பஸ் ஓடும்போது அவளுக்கு மனம் அமைதியாக இருந்தது. முன்பெல்லாம் பின்னுக்குப் பிள்ளைகள் கத்தினால் தலை வெடிக்கும், கண்ணாடியில் பார்த்து ஒரு அதட்டுப் போடுவாள். இப்போது சத்தம் தூரத்தில் எங்கேயோ கேட்டது. நல்ல மருந்து என்று நினைத்தாள். தாய்மார்கூட 'மிஸ் இப்ப நல்ல பேஷன்ஸ்' என்று சொன்னார்கள்.

பஸ்காரருக்கு ஒரு சட்டம் உண்டு. ஓட்டம் முடிந்து எஞ்சினை நிற்பாட்டினால் பஸ்ஸின் பின் தொங்கலில் ஒரு அலாம் அடிக்கத் தொடங்கும். டிரைவர் எழும்பி, ஒவ்வொரு சீற்றாகப் பார்த்துக்கொண்டு கடைசிவரைக்கும் நடந்துபோய், அங்கே இருக்கிற பொத்தானை அமத்தினால்தான் அது நிற்கும். பிறகு பின் கண்ணாடியில் 'வெறும் பஸ்' என்று இங்கிலீசில் எழுதிய பலகையைக் கொழுவவேண்டும். எந்தப் பிள்ளையும் சீற்றில் நித்திரையாகி விடுபட்டுப் போகக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. குளிர்காலத்தில் நிற்பாட்டின பஸ் சும்மா வாகனமில்லை, அது ஃப்ரீசர். சாம்பவி இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அந்த நடையைத் தவறவிட்டதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அருள்நாயகம் அவளைத்தான் காட்டுவார்.

தைப்பொங்கல் கழிந்த கிழமை அது நடந்தது. அன்றைக்குக் காலை என்ன செய்தாய் என்று சாம்பவியைக் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பஸ்ஸில் இருக்கிற ஜிபிஎஸ்தான் பிறகு சொன்னது. எல்லா ஸ்ரொப்பிலும் நேரத்துக்கு நின்றிருக்கிறாள். சிவப்பு லைற் போட்டிருக்கிறாள், பள்ளிக்கூட வாசலில் கதவு திறந்திருக்கிறாள், யாட்டுக்கு வந்து கோட்டுக்குள் நேராக நிற்பாட்டியிருக்கிறாள். அலாம் அடித்திருக்கிறது, பின்னுக்கு நடந்துபோய் அமத்தியிருக்கிறாள், பலகையையும் கொழுவியிருக்கிறாள். கை கால் எல்லாம் வேலையைச் சரியாகச் செய்தன. பிறகு யாட்டில் நின்ற தன் காருக்குள் ஏறி, ஹீற்றரைப் போட்டு, சீற்றைச் சாய்த்து, இரவு முழுக்க வராத நித்திரையை அங்கே கொண்டாள்.

கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. அருள்நாயகம். தொப்பி இல்லை, ஜக்கற் பூட்டவில்லை.

"தங்கச்சி, அட்சயா இண்டைக்கு ஏறினவளோ?"

அட்சயா கிண்டர்கார்டன் பிள்ளை, ஊதா நிறப் பனி உடுப்பு. சாம்பவியை 'பஸ் அன்ரி' என்று கூப்பிடுகிற ஒரே பிள்ளை அவள்தான்.

"ஏன்?"

"வகுப்பிலை இல்லையாம். பள்ளிக்கூடத்தாலை தாய்க்கு ஃபோன் அடிச்சிருக்கினம். தாய் ஏத்திவிட்டதெண்டு சொல்லுது. ஏறினவளோ, இல்லையோ?"

சாம்பவி யோசித்தாள். அந்தப் பிள்ளையின் ஸ்ரொப்பைத் தேடினாள். மூலை வீடு, வாசலில் பனிக்குத் தூவுகிற உப்பு வாளி, தாய் நிலாணி கோப்பையோடு நிற்பாள். அது நேற்றா, இன்றைக்கா? இன்றைக்கு என்று ஒரு காலை அவளிடம் இல்லவே இல்லை. கட்டிலில் இருந்து நேரே இந்தக் காருக்குள் வந்து சேர்ந்திருந்தாள்.

"தெரியேல்லை அண்ணை."

"தெரியேல்லையோ? உமக்கோ?"

அவர் ஓடத் தொடங்கினார். அவளும் பின்னால் போனாள். பனி இறுகிக் கிடந்தது, வேகமாக நடக்க வரவில்லை. மஞ்சள் பஸ்கள் வரிசையாக நின்றன. அவளுடைய பஸ்ஸின் பின் கண்ணாடியில் பலகை தொங்குவதைக் கண்டதும் அருள்நாயகம் நின்று மூச்சு விட்டார்.

"போட் கொழுவியிருக்குது. அப்ப ஆளில்லை. அந்தப் பிள்ளை வேறை பஸ்ஸிலை..."

சாம்பவி கதவைத் திறந்தாள்.

டிரைவருக்கு நேர் பின் சீற்றில் அட்சயா இருந்தாள். சின்னப் பிள்ளைகள் முன்னுக்குத்தான் இருக்கவேண்டும் என்பது ஒழுங்கு. முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, லஞ்ச் பையை மடியில் வைத்திருந்தாள். ஒரு கையுறையைக் காணவில்லை. அந்தக் கையின் விரல்கள் சிவந்து, நுனி மட்டும் வெள்ளையாக இருந்தன. அழுத கோடு கன்னத்தில் காய்ந்திருந்தது. இப்போது அழவில்லை.

"பஸ் அன்ரி, இட்ஸ் கோல்ட்," என்றாள்.

அருள்நாயகம் தன் ஜக்கற்றைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றினார். விரல்களைத் தன் கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டார். "நித்திரையாகிப் போட்டீங்களோ குஞ்சு?"

"நித்திரைதான். பிறகு பீப் பீப் எண்டு சத்தம் வந்தது. நான் எழும்பீற்றன்." பிள்ளை சாம்பவியைப் பார்த்தாள். "ஹாய் பஸ் அன்ரி எண்டு சொன்னனான். யூ லுக்ட் அற் மீ. பிறகு நீங்கள் போயிட்டீங்கள்."

"பிறகு ஏனம்மா இறங்கி வரேல்லை?" என்று கேட்டார் அருள்நாயகம்.

"அன்ரி சொல்லும் வரைக்கும் சீற்றிலை இருக்கோணும். தட்ஸ் த ரூல்."

அந்த ஒழுங்கைச் சொல்லிக் கொடுத்தது சாம்பவிதான். செப்டம்பரில், முதல் நாள், விரலைக் காட்டிச் சொன்னாள். அன்ரி சொல்லாமல் ஒருத்தரும் எழும்பக்கூடாது. பிள்ளை இவ்வளவு நேரமும் அவள் சொல்வதற்காகக் குளிருக்குள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சாம்பவிக்கு அப்போதும் அழுகை வரவில்லை. வாயில் கறல் சுவை மட்டும் இருந்தது.

ஒஃபீசில் ஹீற்றருக்குப் பக்கத்தில் பிள்ளையை இருத்தி, கம்பளி போர்த்தி, சூடான பால் கொடுத்தார்கள். விரல்களுக்கு நிறம் திரும்பியது. அருள்நாயகம் நிலாணிக்கு ஃபோனில் சொன்னார், பிறகு சாம்பவியை ஒரு மூலைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்சை பாரும். பிள்ளை சீற்றுக்குக் கீழை பதுங்கி விளையாடினது, நீர் சந்தேகத்திலை திரும்பிப் போய்ப் பாத்து எடுத்தனீர். தாய்க்கும் அப்பிடித்தான் சொல்லியிருக்கிறன். கொம்பனிக்கும் அப்பிடித்தான் எழுதப்போறன். மனுசன் செத்து இன்னும் மூண்டு நாலு மாசமில்லை. உம்மை நான் விட்டுக்கொடுக்க மாட்டன்."

"பதுங்கேல்லை அண்ணை."

"எனக்குத் தெரியும். பேசாமல் இரும்."

பேசாமல் இருப்பது அவளுக்குக் கஷ்டமில்லை. மாதக்கணக்காக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள். தனக்காக மற்றவர்கள் பதில் சொல்வதும் பழகிவிட்டது. கமலாம்பிகை சொன்னார், இப்போது இவர் சொல்கிறார். தலையாட்டினால் போதும். நாளைக் காலையும் பஸ் இருக்கும்.

நிலாணி வந்தாள். வேலையில் இருந்து நேரே வந்திருக்கிறாள், கழுத்தில் வேலை அட்டை தொங்கியது. பிள்ளையைத் தூக்கி, முகத்தைப் பார்த்து, விரல் விரலாகப் பார்த்து, ஒரு சத்தமும் இல்லாமல் குலுங்கினாள். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டு சாம்பவியிடம் வந்தாள். சாம்பவியின் இரண்டு கையையும் பிடித்தாள்.

"அன்ரி, அங்கிள் சொன்னவர். நீங்கள் திரும்பிப் போய்ப் பாக்காட்டி என்ரை பிள்ளை..." சொல்லி முடிக்க முடியவில்லை. "உங்களை நான் என்ரை உயிருள்ளமட்டும் மறக்கமாட்டன் அன்ரி."

அவளுடைய கை நல்ல சூடாக இருந்தது. சாம்பவி அந்தக் கையைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் அட்சயா கம்பளியோடு நின்று சாம்பவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்கள் கதைக்கும்போது இடையில் கதைக்கக்கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பலகை கொழுவியிருந்த பஸ்ஸுக்குள் இருந்ததும் இதே கண்தான். காலையில் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அவள் நடந்து போயிருக்கிறாள்.

"பிள்ளை பதுங்கேல்லை," என்றாள் சாம்பவி.

"தங்கச்சி," என்றார் அருள்நாயகம்.

"முன் சீற்றிலை இருந்தவள். எனக்கு ஹாய் சொன்னவளாம். நான் அவளைப் பாத்திட்டுப் போனனானாம். எனக்குத் தெரியாது. இண்டைக்கு பஸ் ஓடினதே எனக்குத் தெரியாது." தன்னுடைய குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "இரவு நித்திரைக் குளிசை போட்டனான். என்ரை ஒண்டு, பிறகு இரண்டு மணிக்கு அவரின்ரை ஒண்டு. போட்டால் ஓடக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்."

நிலாணியின் கை உடனே விடவில்லை. கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தது. பிறகு விட்டது.

"நேற்று?" என்று கேட்டாள்.

"ஓம்."

"நேற்றும் போட்டிட்டுத்தான் என்ரை பிள்ளையை ஏத்தினீங்களோ?"

"ஓம்."

"போன கிழமை? பொங்கலண்டைக்கு?" பொங்கலன்றைக்கு அவள் ஸ்ரொப்பில் நின்று சாம்பவிக்கு ஒரு டப்பாவில் பொங்கல் கொடுத்திருந்தாள்.

"ஓம்."

நிலாணி அதற்கு மேல் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கதவடியில், தாயின் தோளுக்கு மேலால், அட்சயா வழக்கம்போலக் கையைக் காட்டினாள். "பாய், பஸ் அன்ரி."

அப்போதுதான் சாம்பவிக்குப் பயம் வந்தது. நடந்து முடிந்ததற்கான பயம். பொங்கலன்று, அதற்கு முந்தின நாள், மழையும் பனியும் சேர்ந்து கொட்டின அந்த வெள்ளிக்கிழமை, எல்லாக் காலைகளும் ஒன்றாகத் திரும்பி வந்தன. தியாகலிங்கம் போனபிறகு அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அந்தப் பயம்தான். கதிரையில் இருந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். பிள்ளைக்காகவா, அவருக்காகவா என்று பிரிக்க முடியவில்லை.

அருள்நாயகம் பக்கத்தில் நின்றார். அழுது முடிய அவள் பஸ்ஸை ஸ்ராட் பண்ணுகிற திறப்பை மேசையில் வைத்தாள். கூடவே தன் கார்த் திறப்பையும் வைத்தாள்.

"எழுதிறதை உள்ளபடி எழுதுங்கோ அண்ணை. என்னை ஒருக்கால் வீட்டாலை போய் டொக்டரிட்டை இறக்கிவிடுவியளோ? மச்சாளுக்கு ஃபோன் அடிக்காதேங்கோ."

அவர் தன் காரில் ஏற்றிக்கொண்டு போக, வழியில் வீட்டில் இறங்கி இரண்டு போத்தலையும் எடுத்துக்கொண்டாள். ஸ்ரீல்ஸ் றோட்டுச் சிவப்பு லைற்றில் நின்றபோது அருள்நாயகம் தொண்டையைச் செருமினார். "நானும் இன்னும் அவன்ரை பிறஷர்க் குளிசை போடுறன். என்ரையும் போட்டு, அதையும் போடுறன்," என்றார்.

"அண்ணையும் உள்ளை வாங்கோ," என்றாள் சாம்பவி.

டொக்டரின் அறைக்குள் முதலில் அவள் தனியாகப் போனாள். நடுவில் கதிரை ஒன்றும் இல்லை. டொக்டர் கம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, "வேலை இல்லை, வாகனம் ஓடுறேல்லை எண்டு இருக்குது," என்றார்.

"பள்ளிக்கூட பஸ் ஓடுறனான், டொக்டர்."

டொக்டரின் கை விசைப்பலகையில் நின்றுவிட்டது. சாம்பவி எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, நெஞ்சுக்கு நல்லது என்று எதையும் அழகாக்கவும் இல்லை. இரண்டு போத்தலையும் மேசையில் வைத்தாள். டொக்டர் தியாகலிங்கத்தின் போத்தலை எடுத்து ஒட்டுத்தாளை வாசித்தார்.

"ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு ஆகக்கூடியதே இந்த ஏழரைதான். அதுவும் எல்லாருக்கும் குடுக்கிறேல்லை. நீங்கள் உங்கடையையும் போட்டு, விடிய நாலு மணித்தியாலம் இருக்கேக்கை இதையும் போட்டிருக்கிறீங்கள். கார் எண்டாலும், பஸ் எண்டாலும், நான் சொல்லும்வரைக்கும் ஸ்ரியரிங்கிலை கை வைக்கக்கூடாது."

"ஓம்."

"இண்டையோடை எல்லாத்தையும் சடாரெண்டு நிப்பாட்டவும் கூடாது. உடம்பு பழகிப்போச்சு. நான் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைச்சுத் தாறன். மருந்தில்லாமல் நித்திரையைப் பழக்கிறதுக்கும் ஒரு ஆளிட்டை அனுப்பிறன். உங்கடை மனுசனைப் பற்றியும் அங்கை கதைக்கலாம். ஆனால் இந்தப் போத்தல் இஞ்சை நிக்கவேணும்."

சாம்பவி போத்தலைப் பார்த்தாள். சி. தியாகலிங்கம், படுக்கும்போது ஒன்று. அதைத் தன் பக்கமாக ஒருமுறை இழுத்தாள். பிறகு தள்ளிவிட்டாள். தள்ளும்போது நெஞ்சு நொந்தது. நன்றாகவே நொந்தது.

"இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வரும்," என்றார் டொக்டர். "கட்டாயம் வரும். இரண்டாவதுக்குக் கை போகும். அப்ப என்ன செய்வீங்கள்?"

சாம்பவி யோசிக்கவில்லை.

"முழிச்சிருப்பன், டொக்டர்," என்றாள்.